பல வேலை செய்யும் சமையலறைக் கருவியை வடிவமைத்தல்: மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பொருள் வடிவமைப்புப் படிக்கும் மாணவர்கள் "ஒரே கருவி, பல வேலை" என்ற தலைப்பை எடுத்தவுடன் பெரும்பாலும் முதல் நாளே படம் வரையத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித் தொடங்கியவன்தான். பருவத்தில் ஆறு வாரம் கடந்த பிறகுதான், வரைந்த கருவியின் இரண்டு வேலைகளும் காலை ஏழு மணிக்கு ஒரே நேரத்தில் தேவைப்படுபவை என்பது எனக்குத் தெரிய வந்தது. அதன்பின் இளைய மாணவர்கள் பலருடைய திட்டங்களுக்குத் துணையாக இருந்திருக்கிறேன். தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே கீழுள்ள படிகளின் வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

எடுத்துக்காட்டாக நம் வீடுகளில் உள்ள கிரைண்டரையும் மிக்ஸியையும் எடுத்துக்கொள்கிறேன். மாவு பிசையும் இணைப்பும் தேங்காய் துருவும் இணைப்பும் கிரைண்டருடன் விற்கப்படுகின்றன. ஆனால் பல வீடுகளில் அவை நெகிழி உறை பிரிக்கப்படாமலே பரணில் கிடக்கின்றன. ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற எத்தனை நிமிடம் ஆகிறது, முடிந்தபின் எதையெல்லாம் கழுவ வேண்டியிருக்கிறது என்ற இரண்டு கணக்குகளை வடிவமைப்பாளர் போடாததே அதற்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டு கணக்குகளைச் சுற்றியே வரும்.

1. முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டியவை

ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு, அளவு நாடா, நிறுத்தக் கடிகாரம், பிளக்கில் செருகி வாட் அளவைப் பார்க்கும் மீட்டர், கெட்டி அட்டை, வெட்டுக் கத்தி, கோடில்லாத நோட்டு ஆகியவை போதும். இவற்றுடன் பழைய இரும்புக் கடையிலிருந்து ஓடாத மிக்ஸி ஒன்றும், முடிந்தால் ஓடாத டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிப் பார்க்காத கருவியை மேம்படுத்த இயலாது.

கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குவது மட்டும் போதாது. கிரைண்டர் மோட்டாருடன் இருக்கும் கெபாசிட்டர், மின்சாரம் நின்ற பின்னும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அதை முறையாக வெளியேற்றத் தெரிந்த பயிலக (செய்முறைக் கூட) உதவியாளர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டுமே உள்ளே கை வையுங்கள்.

பொருள்களைக் காட்டிலும் கிடைக்க அரியது மூன்று வீடுகளின் அனுமதி. சொந்த வீடு ஒன்றாக இருக்கலாம். மற்ற இரண்டும் வேறு அளவுள்ள குடும்பங்களாக இருக்கட்டும். இரண்டு பேர் உள்ள வீட்டில் மாவு அரைப்பதும் எட்டுப் பேர் உள்ள வீட்டில் மாவு அரைப்பதும் வெவ்வேறு வேலைகள்.

2. வேலையை முழுவதுமாகப் பார்த்துப் பதிவு செய்தல்

"உங்களுக்கு எந்த மாதிரிக் கருவி வேண்டும்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் கடையில் பார்த்ததையோ விளம்பரத்தில் பார்த்ததையோதான் சொல்வார்கள். சமையல் நடக்கும்போது ஓரமாக நின்று பாருங்கள். பாத்திரத்தை எடுக்கும் நொடியில் கடிகாரத்தைத் தொடங்கி, கழுவித் துடைத்து அதே இடத்தில் வைத்த பின்பே நிறுத்துங்கள். மாணவர்கள் பெரும்பாலும் மோட்டார் ஓடும் நேரத்தை மட்டும் குறிக்கிறார்கள். கருவியின் குறைகள் மோட்டார் ஓடாத நேரத்தில்தான் இருக்கின்றன.

ஒரு வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். அந்த வீட்டு அம்மா உளுந்தை அரைத்து முடித்ததும் கிரைண்டரை நிறுத்தி, குழவிகளைத் தூக்கி, அவற்றில் ஒட்டிய மாவை விரலால் வழித்து, ஒரு தட்டில் வைத்தார். பிறகு கையை வளைத்து, நடுத்தண்டின் அடியில் இருந்த மாவை நான்கு முறை சுற்றி எடுத்தார். மாவு படிந்த அதே கையால் சுவிட்சைத் தொட முடியாததால் முழங்கையால் அதை அழுத்தினார். பின்பு பாத்திரத்தைத் தூக்கித் தொட்டிக்குக் கொண்டுபோக, அது கனமாக இருந்ததால் இடுப்பில் ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார். முழங்கை, இடுப்பு, வளைந்த மணிக்கட்டு என்ற மூன்றும் என் நோட்டில் வந்திருக்காவிட்டால், சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும், பாத்திரத்துக்குப் பிடி எங்கே வேண்டும் என்பதை நான் ஊகித்துத்தான் வரைந்திருப்பேன்.

அதே வீட்டில் சப்பாத்தி மாவு பிசையும் இணைப்பைப் பயன்படுத்திக் காட்டும்படி கேட்டேன். பரணிலிருந்து எடுத்து, கழுவி, குழவிகளை அகற்றி, இணைப்பைப் பொருத்தி, பிசைந்து, மீண்டும் அனைத்தையும் கழுவி வைக்க ஆன நேரம், அவர் தட்டில் கையால் பிசைந்து முடித்த நேரத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் இருந்தது. அவர் கையால் பிசைவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒவ்வொரு வீட்டையும் குறைந்தது இரண்டு முறை பாருங்கள். ஒன்று வேலைநாள் காலை, மற்றொன்று மாவு அரைக்கும் நாள். விருந்தினர் முன் நடந்துகொள்வது போன்ற ஒழுங்கு முதல் முறையில் இருக்கும். இரண்டாம் முறைதான் வழக்கம் வெளிப்படும்.

3. பழுது பார்க்கும் கடையில் ஒரு நாள்

இந்தப் படியைத்தான் மாணவர்கள் தவறாமல் விட்டுவிடுகிறார்கள். மிக்ஸி, கிரைண்டர் சரிசெய்யும் கடையில் ஒரு நாள் உட்கார்ந்தால், கருவி எங்கே தோற்கிறது என்பது வரிசையாக மேசைக்கு வரும்: தேய்ந்த கப்ளர், கசியும் ஜார் புஷ், தீர்ந்துபோன கார்பன் பிரஷ், தளர்ந்த கிரைண்டர் பெல்ட், தண்ணீர் இறங்கிய பேரிங். கோயம்புத்தூரில் படிப்பவர்களுக்கு இது இன்னும் எளிது, ஏனெனில் கிரைண்டர் உற்பத்தியும் உதிரிபாகக் கடைகளும் அங்கே நிறைந்திருக்கின்றன.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எந்த இணைப்பைச் சரிசெய்ய யாரும் கொண்டுவருவதே இல்லை? பழுதாகாத இணைப்பு பெரும்பாலும் பயன்படுத்தப்படாத இணைப்பாகவே இருக்கும்.

4. சமையலைச் செயல்களாக உடைத்தல்

"சட்னி", "தோசை", "சப்பாத்தி" என்பவை உணவின் பெயர்கள். கருவிக்குத் தெரிந்தவை அரைத்தல், பொடித்தல், பிசைதல், துருவுதல், நறுக்குதல், கடைதல் ஆகிய செயல்கள் மட்டுமே. நோட்டில் உள்ள ஒவ்வோர் உணவையும் செயல்களாக உடைத்து, ஒவ்வொரு செயலுக்கும் வேகம், விசை, நேரம், அளவு, ஈரமா உலர்வா, வாரத்தில் எத்தனை முறை என்ற ஆறு விவரங்களை எழுதுங்கள்.

வேகமும் விசையும் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். வீட்டு டேபிள் டாப் கிரைண்டரில் பரவலாக இருப்பது 150 வாட் அளவிலான தூண்டல் மோட்டார். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 சுற்று சுழலும். அந்த வேகத்தில் அதன் முறுக்கு விசை, அதாவது தண்டைச் சுழற்றும் வலு, சுமார் 1 நியூட்டன் மீட்டர்தான். சிறிய கப்பியிலிருந்து பெரிய கப்பிக்கு பெல்ட் போட்டு வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், இழப்பைக் கழிக்காமல் பார்க்கும்போது, முறுக்கு விசை 10 நியூட்டன் மீட்டராகும். கல் பாத்திரம் கெட்டி மாவோடு சுழல்வது இதனால்தான்.

மிக்ஸியோ 500 முதல் 750 வாட் வரையிலான மோட்டாரைக் கொண்டு, சுமை இல்லாதபோது நிமிடத்துக்கு 18,000 சுற்று அளவில் பிளேடைச் சுழற்றுகிறது. சட்னிக்கு அந்த வேகம் தேவை. கோதுமை மாவைப் பிசைய அதே வேகம் உதவாது. மாவு சூடாகும், பிளேடில் சுற்றிக்கொள்ளும், மோட்டார் திணறும். உளுந்தை மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடேறுவதும் கிரைண்டரில் பொங்கப் பொங்க வருவதும் எல்லா வீட்டுக்கும் தெரிந்ததே. வாட் அதிகமென்றால் எல்லா வேலையும் நடக்கும் என்று நினைப்பது புதியவர்களின் பெரும் பிழை.

5. எவை சேரும், எவை சேரா

திட்டத்தின் தலையெழுத்து இந்தப் படியில் எழுதப்படுகிறது. ஒரு வாரம் முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள். செயல்களை மேல்வரிசையிலும் பக்கவாட்டிலும் எழுதிக் கட்டம் போட்டு, ஒவ்வோர் இணையிடமும் கீழ்வரும் கேள்விகளைக் கேளுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான உறுப்பு எது? மோட்டாரா, பாத்திரமா, அடித்தளமா, பிளேடா? பொதுவாக எதுவும் இல்லையென்றால், இரண்டு கருவிகளை ஒரே பெட்டிக்குள் அடைக்கிறீர்கள் என்று பொருள்.

இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்படுமா? காலையில் சட்னியும் சப்பாத்தி மாவும் ஒன்றாகத் தேவைப்படும் வீட்டில் இவற்றை ஒரு மோட்டாரில் சேர்ப்பது சமைப்பவரைக் காக்க வைப்பதாகும். மாறாக, வாரம் ஒருமுறை அரைக்கும் இட்லி மாவும் எப்போதாவது பொடிக்கும் மசாலாவும் நேரத்தில் மோதுவதில்லை.

ஒன்றின் வாசம் மற்றொன்றில் ஏறுமா? பூண்டு அரைத்த ஜாரில் பழச்சாறு அடிக்க யாருக்கும் மனம் வராது. உலோகத்தைவிட நெகிழியும் ரப்பர் வளையமும் வாசத்தை நெடுநேரம் பிடித்து வைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஒன்று பழுதானால் அத்தனையும் நின்றுவிடுமா? மூன்று கருவிகளுக்குப் பதிலாக ஒன்றை வாங்கிய வீட்டில், அது கடைக்குப் போன வாரம் மூன்று வேலைகளும் நிற்கும். தினசரி வேலைகள் எல்லாவற்றையும் ஒரே மோட்டாரில் கட்டாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சரியான சேர்க்கைக்கு நம்மிடம் உள்ள சிறந்த சான்று அரிவாள்மனை. நறுக்கும் அலகின் நுனியிலேயே தேங்காய்த் துருவி இருக்கிறது. பொதுவான உறுப்பு பலகையும், அதை அழுத்திப் பிடிக்கும் உடல் எடையும். எதையும் கழற்றவோ பூட்டவோ வேண்டாம். வாழைக்காயை வைத்துவிட்டுத் தேங்காய் மூடியை எடுத்தால் வேலை மாறிவிடுகிறது. மாறும் நேரம் ஏறக்குறைய பூச்சியம். கிரைண்டர் நடுத்தண்டில் பொருத்தும் துருவியோடு இதை ஒப்பிட்டு, எது ஏன் பரணுக்குப் போகிறது என்று அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். அரிவாள்மனையின் குறைகளான திறந்த அலகும் தரையில் உட்காரும் தேவையும் உங்கள் வடிவமைப்புக்கான கேள்விகளாக அங்கேயே கிடைக்கும்.

சூடாக்குவதையும் சுழற்றுவதையும் சேர்க்க விரும்புவோர் பிளக்கைக் கவனியுங்கள். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1,380 வாட். அதற்கு மேல் போனால் 16 ஆம்பியர் பிளக் வேண்டும். பல சமையலறைகளில் அது ஓரிடத்தில்தான் இருக்கும், அங்கே ஏற்கெனவே வேறொரு கருவி நிற்கும்.

6. ஒரு பக்கக் குறிப்பு எழுதுதல்

இப்போது எதைச் செய்யப்போகிறீர்கள் என்பதை எண்களோடு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். "எளிதாக இருக்க வேண்டும்" என்ற வாக்கியத்தைச் சோதிக்க முடியாது. "ஈரக் கையால், கருவிகள் எதுவும் இன்றி, ஒரு நிமிடத்துக்குள் இணைப்பை மாற்ற முடிய வேண்டும்" என்பதைச் சோதிக்கலாம்.

பரப்பளவு, உயரம், எடை ஆகியவற்றை நீங்கள் பார்த்த வீடுகளின் மேடையிலிருந்து எடுங்கள். மேடை ஆழம் பெரும்பாலும் 60 செ.மீ. அளவில் இருந்தாலும், சுவரோரம் டப்பாக்கள் வரிசையாக நிற்பதால் கருவிக்குக் கிடைப்பது அதில் பாதிதான். மேல் அலமாரியின் அடிப்பகுதி வரை உள்ள இடைவெளியையும், மூடியைத் தூக்கத் தேவைப்படும் கூடுதல் உயரத்தையும் சேர்த்தே அளந்துகொள்ளுங்கள். மூடியை மறந்து அளந்தவர்கள் பலர்.

7. யோசனைகளைப் பெருக்குதல்

வரைவதற்கான நேரம் இப்போதுதான் வருகிறது. ஒரு தாளில் இடப்பக்கம் கருவி தீர்க்க வேண்டியவற்றை எழுதுங்கள்: ஆற்றல் எங்கிருந்து வருகிறது, வேகம் எப்படிக் குறைகிறது, பாத்திரம் எப்படிப் பூட்டுகிறது, பயன்படாத இணைப்பு எங்கே இருக்கிறது, எப்படிக் கழுவப்படுகிறது. ஒவ்வொன்றின் எதிரிலும் நான்கு வழிகளை வரையுங்கள். ஐந்து வரிசைக்கு நான்கு வழி என்றால் 1,024 சேர்க்கைகள் உண்டு. எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. உங்களுக்கு இயல்பாகத் தோன்றாத இருபதைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் மூன்று நிமிடத்துக்குள் சிறு படமாக வரையுங்கள். முதல் படத்தில் மனம் ஒட்டிக்கொள்வதைத் தடுக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்.

"ஆற்றல்" வரிசையில் கையால் சுழற்றுவதற்கும் ஓர் இடம் கொடுங்கள். இரண்டு பேருக்கான துவையலுக்கு மோட்டார் கட்டாயமில்லை.

"பயன்படாத இணைப்பு எங்கே இருக்கிறது" என்ற வரிசையை ஏறக்குறைய எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கருவியின் உடலிலேயே அதற்கு இடம் இல்லையென்றால் அது பரணுக்குத்தான் போகும். தொடுதிரை, கைப்பேசி இணைப்பு போன்றவற்றைச் சேர்க்கத் தோன்றினால், இரண்டாம் படியில் எழுதிய குறிப்புகளைத் திரும்பப் படியுங்கள். மாவுக் கை திரையைத் தொடாது.

8. அட்டை மாதிரி

இருபது படங்களிலிருந்து மூன்று யோசனைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றை உண்மையான அளவில் அட்டையில் செய்யுங்கள். உள்ளே மணல் பைகளை வைத்து எடையையும் உண்மையாக்குங்கள், ஏனெனில் காலி அட்டைப் பெட்டியை எல்லோரும் மகிழ்ச்சியாகத் தூக்குவார்கள். கல்லும் மோட்டாரும் உள்ள எடையைத் தூக்கச் சொன்னால்தான் முகம் மாறும்.

மாதிரியை அதே மூன்று வீடுகளின் மேடையில் வைத்து, சமைப்பவரை முழு வேலையையும் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பூட்டைத் திருகச் சொல்லுங்கள். இடக்கைப் பழக்கமுள்ள ஒருவரையும், கைவிரல் மூட்டு வலியுள்ள முதியவர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் விளக்கம் சொல்லாமல் நிற்பது மிக முக்கியம். விளக்கம் தேவைப்பட்ட ஒவ்வோர் இடமும் வடிவம் பேசத் தவறிய இடம்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. இணைப்பை எடுத்து, பூட்டி, கழற்றி, கழுவி வைக்கும் மொத்த நேரம், அதே வேலையைக் கையால் செய்யும் நேரத்தில் பாதியைத் தாண்டினால் அந்த இணைப்பைக் கைவிடுகிறேன்.

9. இயங்கும் மாதிரி

முழுக் கருவியையும் இயங்கச் செய்ய முயலாதீர்கள். ஐயமுள்ள ஓர் உறுப்பை மட்டும் தேர்ந்து அதைச் சோதியுங்கள். வேகக் குறைப்புதான் ஐயமென்றால், மரச்சட்டத்தில் மோட்டாரையும் கப்பிகளையும் பொருத்தி, உண்மையான கோதுமை மாவை உண்மையான அளவில் போட்டுப் பாருங்கள்.

முப்பரிமாண அச்சில் எடுக்கும் பி.எல்.ஏ. நெகிழி 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். மோட்டாரை ஒட்டிய உறுப்புகளுக்கும் வெந்நீரில் கழுவும் உறுப்புகளுக்கும் அது ஆகாது. அடுக்கடுக்கான அதன் மேற்பரப்பில் மாவு புகுந்துகொள்வதால், அதில் அரைத்த எதையும் யாருக்கும் உண்ணக் கொடுக்காதீர்கள். உணவு படும் இடங்களுக்கு 304 வகைத் துருப்பிடிக்காத எஃகே பாதுகாப்பான தேர்வு.

மிக்ஸி மோட்டார் இடைவிடாமல் ஓடுவதற்கு உரியதன்று. சில நிமிடம் ஓடி, சற்று ஓய்ந்து, மீண்டும் ஓடும் முறைக்கே அது செய்யப்படுகிறது. நீண்ட வேலையை அதில் ஏற்றினால் சுமைக் காப்பு சுவிட்ச் விழும், அல்லது சுருள் கருகும்.

குறைந்த மின்னழுத்தத்திலும் சோதியுங்கள். தூண்டல் மோட்டாரின் முறுக்கு விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் குறையும். ஆகவே 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் கிடைக்கும் விசை ஏறக்குறைய 61 விழுக்காடு மட்டுமே. கல்லூரிப் பயிலகத்தில் அழகாக ஓடிய மாதிரி, மாலை நேரத்தில் விளக்கு மங்கும் ஊரில் கெட்டி மாவோடு நின்றுவிடுவது இதனால்தான். மின்னழுத்தத்தை மாற்றும் கருவி உள்ள பயிலகத்தில், ஆசிரியர் முன்னிலையில் இதைச் செய்யுங்கள்.

பாத்திரமோ மூடியோ பூட்டாதபோது மோட்டார் ஓடக்கூடாது என்பதை முதல் மாதிரியிலேயே அமையுங்கள். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால், பூட்டுக்கான இடம் உடலமைப்பில் இருக்காது.

10. கழுவும் சோதனை

மாதிரியின் எல்லா இடுக்குகளிலும் உளுந்து மாவைத் தடவி, மஞ்சள்தூள் கலந்து, ஓர் இரவு காயவிடுங்கள். மறுநாள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவரிடம் கொடுத்து வழக்கம்போல் கழுவச் சொல்லுங்கள். பின் வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மஞ்சள் ஏறிய இடமெல்லாம் விரல் நுழையாத மூலை, மரை, அல்லது ரப்பர் வளையத்தின் அடி. கூர்மையான உள்மூலைகளை விரல் நுனி உருளும் அளவுக்கு வளைவாக்குங்கள்; திருகு மரையை உணவு படாத பக்கத்துக்கு மாற்றுங்கள்.

11. தரமும் உரிமையும்

வீட்டு மின்கருவிகளின் பொதுப் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 302, மிக்ஸி வகைக் கருவிகளுக்கு ஐ.எஸ். 4250 ஆகிய இந்தியத் தரநிலைகளை நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். நிலக்கம்பி (எர்த்), மின்காப்பு, கசிவு மின்னோட்டம் பற்றிய விதிகளை வரைபடம் முடியும் முன் அறிந்தால் உடலமைப்பைத் திருத்துவது எளிது.

கண்காட்சியில் வைப்பதற்கு முன் பதிவு பற்றி முடிவெடுங்கள். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி தோற்ற வடிவத்துக்கு 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் காப்பு கிடைக்கும். ஆனால் பொதுவில் முன்பே வெளியான வடிவம் புதியதாகக் கொள்ளப்படாது. இயங்கும் முறை புதிது என்று கருதினால், தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் கொடுத்துவிட்டு 12 மாதத்துக்குள் முழு விவரத்தைத் தாக்கல் செய்யலாம்.

12. வீட்டில் விட்டுவைத்தல்

பாதுகாப்பாக இயங்கும் மாதிரி அமைந்தால் ஒரு வீட்டில் இரண்டு வாரம் விட்டுவையுங்கள். அந்த அளவுக்கு வராவிட்டால் மணல் நிரப்பிய அட்டை மாதிரியையாவது மேடையில் வைக்கச் சொல்லுங்கள். நடுவில் போய் விசாரிக்காதீர்கள், ஏனெனில் நீங்கள் வருவது தெரிந்தால் உங்களுக்காகவே எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் போகும்போது கருத்துக் கேட்பதற்கு முன், ஒவ்வோர் உறுப்பும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேடையில் ஈரத்தோடு இருக்கும் உறுப்பைத் தொடர்ந்து மேம்படுத்துங்கள். அலமாரிக்குள் போன உறுப்புக்கு ஏழாம் படிக்குத் திரும்பி வைப்பிடத்தையும் பூட்டும் முறையையும் மாற்றுங்கள். பரணில் ஏறிய உறுப்பின் வடிவத்தைத் திருத்திப் பயனில்லை. ஐந்தாம் படிக்குத் திரும்பி, அந்த வேலையையே சேர்க்கையிலிருந்து நீக்குங்கள்.